மூன்று முறை விடுதலை ஜெபம் செய்தாயிற்று, தாழ்ப்பாள் சத்தத்துக்கு இன்னும் உடம்பு நடுங்குகிறது

கேள்வி: 2025 ஜனவரி 9

எனக்கு 34 வயது. குன்னூர்ப் பக்கம் இருக்கிறோம். கணவர் நல்லவர், இரண்டு பிள்ளைகள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். குறுக்கே போனால் எனக்கும் விழும். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவரை மன்னித்துவிட்டேன் என்று சபையில் சாட்சியும் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ராத்திரியில் யாராவது கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளினால் உடம்பு நடுங்குகிறது. இரண்டு வருடமாகக் கனவும் வருகிறது. பிசாசைத் துரத்துவதற்காகச் செய்கிற விடுதலை ஜெபத்துக்கு மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை, "நீ இன்னும் மனதார மன்னிக்கவில்லை, அதனால்தான் ஆவி போக மாட்டேன் என்கிறது" என்று சொன்னார்கள். எனக்குள் பிசாசு இருக்கிறதா அண்ணா? இதை வேறு யாரிடமும் கேட்க முடியவில்லை.

ஜனவரி 9, இரவு

இல்லை. உங்களுக்குள் பிசாசு இல்லை.

சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்கு அடுத்தபடி அடி விழும் என்று உங்கள் உடம்பு கற்றுக்கொண்டது. சரியாகத்தான் கற்றுக்கொண்டது. ஓடி ஒளிய அது உங்களுக்கு உதவியிருக்கும். கற்றதை இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

1 இராஜாக்கள் 19ஐ எடுத்துப் படியுங்கள். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேரை ஒற்றை ஆளாக எதிர்த்து நின்ற எலியா, மறு அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, சாக வேண்டும் என்கிறார். தேவதூதன் வந்து எந்த ஆவியையும் அதட்டவில்லை. தட்டி எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நீ போக வேண்டிய தூரம் அதிகம் என்றான்.

ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? அந்த மூன்று கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்டார்களா?

ஜனவரி 10, காலை

'கஷ்டப்பட்ட காலத்தில் எல்லாம் தாங்கினேன். நல்ல வீட்டில் வாழும்போது ஏன் இப்படி?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்று எங்கள் பள்ளத்துத் தேயிலையில் உறைபனி. விடியும்போது போய்ப் பார்த்தேன், செடி எல்லாம் வெள்ளையாக, பார்க்க அழகாகக்கூட இருந்தது. கருகல் அப்போது தெரியாது. எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறின பிறகுதான் இலை பழுத்துச் சிவக்கும். அதனால்தான் வெயில் படுவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துவிடுவார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் வெயில்தான் எரித்துவிட்டது என்று நினைப்பார்கள். எரித்தது ராத்திரிப் பனி.

உங்கள் வீட்டில் இப்போது வெயில் வந்திருக்கிறது.

ஜனவரி 14

ஒரு சகோதரர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார்: 'அப்படியானால் ஆவிக்குரிய போராட்டமே இல்லை என்கிறீர்களா? எபேசியர் 6:12ஐக் கிழித்துப் போட்டுவிடலாமா?'

கிழிக்க வேண்டாம். நான் அதை நம்புகிறவன். மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்லாத ஒரு போராட்டம் உண்டு. எந்த இடத்தில் சண்டை நடக்கிறது என்பதில்தான் எனக்கு வேறு எண்ணம்.

சாத்தான் என்ற எபிரேயச் சொல்லுக்கு எதிர்த்து நிற்பவன் என்று பொருள். வெளிப்படுத்தல் 12:10 அவனை, நம் சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றம் சுமத்துகிறவன் என்கிறது. இப்போது அந்தச் சகோதரியின் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். குற்றம் சுமத்துகிற குரல் அதில் எங்கே கேட்கிறது? தாழ்ப்பாள் சத்தத்திலா? 'நீ மன்னித்தது பொய், உன் சாட்சி பொய், தப்பு உன்னிடம்தான்' என்ற பேச்சிலா? அடி வாங்கின பிள்ளையிடம் அப்பாவும் கடைசியில் இதைத்தான் சொல்லியிருப்பார்: எல்லாம் உன்னாலதான்.

எனக்குத் தெரிந்த மட்டில் எதிரி காயத்தை உண்டாக்கியவனோடு நிற்பதில்லை. காயத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதற்கு ஒரு பொய்யான விளக்கம் சொல்கிறான். சண்டை அந்த விளக்கத்தோடு. காயத்தோடு சண்டை போட்டால் காயம்தான் பெரிதாகும்.

எபேசியர் 4:27இல் பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள் என்று வருகிறதே, அதற்கு முந்தின வசனம் கோபத்தைப் பற்றியது. பவுல் கோபத்தையே பிசாசு என்று சொல்லவில்லை. ராத்திரி தாண்டி அதை வைத்திருந்தால் அங்கே ஒருவன் குடியேற இடம் கிடைக்கும் என்கிறார். இடம் வேறு, குடியேறுகிறவன் வேறு.

ஜனவரி 15

9ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'இல்லை' என்று ஒரே அடியாகச் சொல்லிவிட்டேன். நான் உங்களை நேரில் பார்த்ததில்லை. அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நீங்கள் எழுதியதில் அதற்கு அடையாளம் எதையும் நான் காணவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் இந்தத் திருத்தம் என்றால், விளக்க முடியாத ஒன்றை நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன். 1998, பந்தலூர்ப் பக்கம் ஒரு லைன் வீடு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அந்த மனிதர் தன் குரலில் பேசவில்லை. விவரம் எழுத மனமில்லை. எங்கள் சபை உபதேசியார் ஒன்பது நாள் சாயங்காலம் தவறாமல் போனார். கத்தவில்லை, தலையைப் பிடித்து உலுக்கவில்லை, கூட்டம் சேர்க்கவில்லை. சங்கீதம் வாசித்து, இயேசுவின் நாமத்தைச் சொல்லி, அந்த வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு வருவார். பகலில் ஆஸ்பத்திரிக்கும் அவரே கூட்டிப் போனார். அந்த மனிதர் எழுந்து நடந்தார். 'ஐயா, அது பிசாசுதானே?' என்று கேட்டேன். 'அவன் நல்லா இருக்கான்ல' என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

ஊட்டி காந்தல் குருசடிக் கோயிலுக்குப் போய்வரும் ஒரு அக்கா சரியாக நினைவுபடுத்தினார்கள்: கத்தோலிக்க சபையில் பேயோட்டும் சடங்கை எந்தக் குருவும் தன் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது, ஆயரின் வெளிப்படையான அனுமதி வேண்டும், நோயா என்று முதலில் பார்க்க வேண்டும். நாங்கள் சுயாதீன சபைக்காரர்கள் இதைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.

ஜனவரி 27

'உங்களுக்கு என்ன தெரியும், பட்டவர்களுக்குத்தான் தெரியும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, சொல்கிறேன்.

நான் பிறந்தது 1970, இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் பந்தலூர். அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. அப்பா பகலில் பேசவே மாட்டார். ராத்திரியில் குடித்துவிட்டுப் பேசுவார், பேச்சு முடிகிற இடத்தில் கை தொடங்கும். தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியின் பிடியால் ஒருமுறை என் தோளில் அடித்தார். மழைக்காலத்தில் அந்தத் தோள் இன்றும் கடுக்கும்.

1992இல் ஒரு முழு இரவு ஜெபத்தில், விடிய மூன்று மணி இருக்கும், முழங்காலில் நின்று அப்பாவை மன்னித்தேன். பாரம் இறங்கியதை உடம்பில் உணர்ந்தேன். கர்த்தர் அந்த ஒரே ராத்திரியில் என்னை விடுவித்தார். அதனால் தெரியாமல் பேசவில்லை.

பிப்ரவரி 2

மேலே எழுதிய கடைசி வரிகள் என்னைத் தூங்கவிடவில்லை. அவை பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அந்தச் சாட்சியைப் பல இடத்தில் சொல்லிச் சொல்லி எனக்கே அப்படிப் பதிந்துவிட்டது.

நடந்தது இது. 1992இல் மன்னித்தேன், உண்மை. அதற்குப் பிறகும் அப்பா இருக்கும்போது அந்த வீட்டில் நான் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. என் முதல் பிள்ளையை அவர் கையில் கொடுக்கவில்லை. பொங்கலுக்குப் போனால் மதிய பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவேன், ராத்திரி தங்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் நடுவட்டம் தாண்டி பஸ் ஏறும்போது, 'ஆண்டவரே, மன்னித்தேன் என்று சொன்னேனே, இது என்ன?' என்று கேட்டுக்கொண்டே வருவேன்.

2003இல் அப்பா படுத்தபடுக்கையானார். கடைசி நாலு மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் போனேன். ஒருநாள் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். கன்னத்தை இழுத்துப் பிடித்துத் தாடைக்குக் கீழே பிளேடை வைத்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் காட்டினார். அந்த நிமிடம் பார்த்தேன், எனக்குள் எதுவும் இல்லை. கோபமும் இல்லை, 'மன்னித்தேன்' என்ற நினைப்பும் இல்லை. சோப்பு காய்ந்துவிடுமே என்ற கவலைதான் இருந்தது.

பதினொரு வருடம், சகோதரி. ஒரே ராத்திரி இல்லை. உங்களிடம் 'மனதார மன்னிக்கவில்லை' என்று சொன்னவர்களும் என்னைப் போன்றவர்களின் சாட்சியைக் கேட்டுத்தான் அப்படி எதிர்பார்த்திருப்பார்கள். இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 2, சற்று நேரம் கழித்து

யோசேப்பைப் பாருங்கள். மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்தார், என் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் தேவன் மறக்கப்பண்ணினார் என்று காரணமும் சொன்னார் (ஆதியாகமம் 41:51). அடுத்த அதிகாரத்தில் அண்ணன்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டு அப்பால் போய் அழுகிறார். 43இல் உள்ளறைக்குப் போய் அழுகிறார். 45இல் எகிப்தியர் காதில் விழும்படி அழுகிறார். பிள்ளைக்கு 'மறதி' என்று பெயர் வைத்தவர் அவர். அவரிடம் போய் நீ மன்னிக்கவில்லை என்று யாராவது சொல்வார்களா?

அண்ணன்மாரை அவர் உடனே கட்டிப்பிடிக்கவும் இல்லை. மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்தார். மன்னிப்பது வேறு, மறுபடி நம்பி உட்காருவது வேறு. அடிக்கிற புருஷனிடம் திரும்பிப் போ என்று பெண்களுக்குச் சொல்கிற மூப்பர்கள் இந்த அதிகாரங்களை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

பிப்ரவரி 3

ஜெபிக்கிறேனே, மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டவருக்கு: நிறுத்தாதீர்கள். யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

என் மனைவியின் அண்ணன் மகளுக்கு வலிப்பு. ஒரு கூட்டத்தில் ஜெபித்து, விசுவாசம் இருந்தால் மாத்திரையைத் தூக்கிப் போடு என்றார்கள். போட்டாள். பன்னிரண்டாம் நாள் அடுப்பங்கரையில் விழுந்து இடது கை வெந்துபோயிற்று. இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள், ஞாயிறு பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள்.

பிலிப்பியில் குறிசொல்லும் ஆவியைத் துரத்தியதும் பவுல்தான் (அப்போஸ்தலர் 16). வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனத்துக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று தீமோத்தேயுவுக்கு எழுதியதும் அதே பவுல்தான். எதற்கு எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கூட வந்த லூக்காவை 'பிரியமான வைத்தியன்' என்றும் சொல்கிறார். அந்த லூக்கா எழுதின நல்ல சமாரியன் கதையில், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டிய காயங்களுக்குக் கிரேக்கத்தில் உள்ள சொல் ட்ராமா. இன்றைக்கு மனநல மருத்துவர்கள் சொல்கிற அதே சொல்.

ராத்திரியில் பேச ஆள் இல்லாவிட்டால் 14416. அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். இதைச் சொல்வதால் ஜெபத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

பிப்ரவரி 20

பரம்பரை சாபம். இதை எழுதக் கூடாது என்று இருந்தேன். ஆனால் நாலு பேர் கேட்டுவிட்டீர்கள்.

எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதித் தரச் சொன்னார். இலங்கையிலிருந்து வந்த கட்டு இது, கடல் தாண்டி வந்திருக்கிறது, உபவாசம் வைத்து உடைக்க வேண்டும் என்றார். யாத்திராகமம் 20:5ஐக் காட்டினார், மூன்றாம் நான்காம் தலைமுறை. அடுத்த வசனத்தில் ஆயிரம் தலைமுறை மட்டும் இரக்கம் என்று இருப்பதை அவர் படிக்கவில்லை. எசேக்கியேல் 18க்கு அவர் போகவே இல்லை. பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசிப்போயிற்று என்ற பழமொழியை இனி சொல்லக் கூடாது என்று கர்த்தரே அங்கே நிறுத்துகிறார். யோவான் 9இல் பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர் கேட்டபோது இயேசு, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார்.

ஆனால் அந்த ஊழியக்காரர் போன பிறகு ஒன்று உறைத்தது. ஏதோ ஒன்று கடல் தாண்டி வந்தது உண்மைதான். அதற்குச் சாபம் என்று பெயர் இல்லை.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கையில் இருந்த எங்களைப் போன்ற இந்திய வம்சாவளிக்காரர்களைப் பற்றி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் ஆளுக்கு 75,000 என்று பங்கு போட்டார்கள். எங்கள் வீட்டிலும் அந்தப் பங்கு நடந்தது. அப்பாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட். சித்தப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள். தலைமன்னார் துறையில் பிரிந்த பிறகு சாகும்வரை அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொள்ளவில்லை. அப்பாவின் பிஸ்கட் டப்பாவில் அந்தப் பாஸ்போர்ட்டோடு தம்பி எழுதிய ஒரே ஒரு கடிதம் இருந்தது, மடித்த இடமெல்லாம் கிழிந்து.

இது அவர் கையை நியாயப்படுத்தாது. அம்மா எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அப்பாவுக்குள் இருந்தது என்ன என்று கேட்டால், பிசாசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டாத காயம் இருந்தது. அவர் அதைச் சாராயத்தில் ஊற வைத்து எங்களுக்குப் பரிமாறினார். அதை நிறுத்தும் பொறுப்பு எனக்கு உண்டு. யாரும் வந்து உடைக்க வேண்டிய கட்டு இல்லை அது. நான் குடிக்காமல், பிள்ளைமேல் கை வைக்காமல், ஒவ்வொரு நாளாக நிறுத்த வேண்டியது.

மார்ச் 8

ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. எங்கள் வீட்டு ஜெபத்தில் எபேசியர் 6 போகிறது.

இத்தனை வருடம் கவனிக்காத ஒன்று: சர்வாயுதவர்க்கத்தை, அதாவது முழுப் போர்க்கவசத்தை, தரித்துக்கொள்ளுங்கள் என்று நம் வேதாகமத்தில் வருகிறது. தமிழில் படிக்கும்போது அது மரியாதைப் பன்மை போலக் காதில் விழுகிறது, எனக்கு ஒருவனுக்குச் சொன்ன மாதிரி. கிரேக்கத்தில் அது பலரைப் பார்த்துச் சொன்னது. முழுச் சபைக்கும். அங்கே கேடகம் என்று வருகிற சொல், ரோமப் போர்வீரனின் கதவு மாதிரிப் பெரிய கேடகத்துக்கு உரியது. வரிசையாக நின்று ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பிடிப்பார்கள். தனியாக நிற்பவனுக்கு முன்பக்கம் மட்டும்தான் மறையும்.

அந்த அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வருவது நில் என்ற சொல். போய் அடி என்று இல்லை.

சகோதரி, உங்களை நடுவில் உட்கார வைத்து ஆறு பேர் சுற்றி நின்று கத்தினார்கள் என்று எழுதினீர்கள். பக்கத்தில் நிற்க யார் இருக்கிறார்கள்? கணவரிடம் சொன்னீர்களா?

மார்ச் 11

சொல்லிவிட்டீர்கள் என்று படித்தேன். அவர் அன்று ராத்திரியே தாழ்ப்பாளைக் கழற்றி, சத்தம் வராதபடி வேறு கொக்கி மாட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கூட்டங்களில் சாட்சி சொல்ல ஆள் தேடுகிறார்கள். இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 6

கேத்தி ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டது: 'மேலே மேலே ஜெபித்துக்கொண்டே இருந்தால் தானாக ஆறாதா, பழையதை ஏன் கிளற வேண்டும்?'

தம்பி, இந்த வாரம் எங்களிடம் கவாத்து. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியைக் கட்டையாக வெட்டுகிறோம். கத்தி கூராக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்காமல் சரிவாக வெட்ட வேண்டும். பெரிய வெட்டுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசுவோம், இல்லாவிட்டால் பூஞ்சணம் புகுந்து கட்டை உளுத்துப்போகும். இது எல்லாருக்கும் தெரியும். வெட்டுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு: முன்பே உளுத்த கட்டையின்மேல் பசை பூசக் கூடாது. நல்ல மரம் தெரிகிறவரை இறங்கி வெட்டி, அப்புறம்தான் பூச வேண்டும். உளுத்ததன்மேல் பூசினால் பார்க்க நீலமாக நன்றாக இருக்கும். உள்ளே தண்டில் உளுப்பு இறங்கிக்கொண்டே போகும்.

எரேமியா 6:14இல் ஒரு சொல் இருக்கிறது, மேற்பூச்சாய். ஜனத்தின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள், சமாதானம் இல்லாதபோது சமாதானம் என்கிறார்கள். அதைத் தீர்க்கதரிசி சொன்னது மருத்துவர்களைப் பார்த்து இல்லை. ஊழியக்காரர்களைப் பார்த்து.

ஆனால் ஒன்று. செடியில் பலம் இல்லாத சமயத்தில் கவாத்து செய்ய மாட்டோம். வேரில் சத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் கத்தி வைப்போம். அந்தச் சகோதரி இப்போதுதான் தூங்கத் தொடங்கியிருக்கிறார். கிளறு என்று யாரும் அவரை விரட்ட வேண்டாம். எப்போது, யாரிடம் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

ஏப்ரல் 22

ஈஸ்டருக்குப் பந்தலூர் போயிருந்தேன். அம்மாவுக்கு 78. தம்பி வீட்டில் இருக்கிறாள்.

ராத்திரி படுக்கும்போது கவனித்தேன். உள்ளே கட்டில் காலியாக இருக்க, அம்மா வாசல் கதவோரம் பாயை விரித்தாள். எத்தனையோ வருடம் பார்த்ததுதான், முதியவர்களின் வழக்கம் என்று நினைத்திருந்தேன். இந்த மூன்று மாதம் உங்களோடு பேசிய பிறகு அது வேறு மாதிரித் தெரிந்தது. 'ஏம்மா எப்பவும் அங்கேயே படுக்கிற?' என்று கேட்டேன்.

'அப்பா வந்தா முதல்ல என்மேலதான் தடுக்கணும். அதுக்குள்ள நீங்க பின்பக்கமா ஓடிருவீங்க' என்றாள். மழை வரும் போலிருக்கு என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

அப்பா போய் இருபத்திரண்டு வருடம். நான் என் தோளைப் பற்றி எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன். இவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

'இப்ப யாரும் வர மாட்டாங்கம்மா, உள்ள வந்து கட்டில்ல படு' என்றேன். 'பழகிப்போச்சுடா, அங்க தூக்கம் வராது' என்றாள். வற்புறுத்தவில்லை. இன்னொரு பாயை எடுத்து, அவளுக்கும் கதவுக்கும் நடுவில் விரித்துப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, 'தோள் குளிரும்டா' என்று தன் கம்பளியில் பாதியை என்மேல் இழுத்துவிட்டாள்.

விடிகாலை ஆராதனைக்கு நாலு மணிக்கு எழுப்ப வேண்டியிருந்தது. எழுப்பினேன், நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.